போருக்கும் சட்டமா என்று கேட்டவர்கள்

நேற்றுக் காலை ரேஸ் கோர்ஸ் சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு மருந்துக் கடையைத் தாண்டும்போது என் கால் தானாக நின்றுவிட்டது. வாசலில் வாழைக்கன்று, மாவிலைத் தோரணம். உள்ளேயிருந்து சாம்பிராணியும் கிருமிநாசினியும் கலந்த ஒரு வாசனை. நிமிர்ந்து பார்த்தால் வெள்ளைப் பலகையில் ஆள் உயரத்துக்கு ஒரு சிவப்புச் சிலுவை. கை பைக்குள் போய்க் கைபேசியை எடுத்தது. படம் பிடித்தேன். உனக்கு அனுப்புவதற்காக உன் பெயரைத் தேடி, அதன் மேல் விரலை வைத்த பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது.

அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. போன பிறகும் என்னிடம் வேலை வாங்குகிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டே கடைக்குள் போனேன். புதுச் சட்டையும் சந்தனப் பொட்டுமாகக் கடைக்காரர் என்னை வாடிக்கையாளர் என்று நினைத்து எழுந்து நின்றார்.

"மேல இருக்கிற சிவப்புச் சிலுவைய எடுக்கணும்ங்க," என்றேன்.

"ஏன்க்கா? அது சும்மா டிசைன்லா."

"டிசைன் இல்லைங்க. சண்டை நடக்கிற இடத்துல அந்தச் சின்னத்தப் பாத்தா சுடக்கூடாதுன்னு உலகமே ஒத்துக்கிட்ட அடையாளம் அது. ராணுவ ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் இதுக்கெல்லாம் உரியது. கண்ட இடத்துல ஒட்டினா, தேவைப்படுற இடத்துல யாரும் மதிக்கமாட்டாங்க. நம்ம ஊர்லயும் இதுக்குச் சட்டம் இருக்கு. பச்சையில வெள்ளைச் சிலுவை போட்டுக்கங்க, ஒரு பிரச்சினையும் இல்ல."

அவர் வாசலுக்கு வந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். "இங்க போர் ஒண்ணும் நடக்கலையேக்கா," என்றார். அப்புறம் ரொம்ப அன்பாக, "கேசரி சாப்டுட்டுப் போங்க," என்றார்.

சாப்பிட்டேன். வேறு என்ன செய்ய? உன்னுடன் அலைந்த காலத்தில் இப்படி எத்தனை கடையில் எனக்கு எதையாவது தின்னக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்! பலகை மட்டும் பெரும்பாலும் அப்படியேதான் இருந்தது. நீ விடமாட்டாய். மறுவாரம் போய் நிற்பாய். அதற்கும் மறுவாரம் போவாய். தேக்கா பக்கத்தில் ஒரு கிளினிக்கில் உன்னைக் கண்டதும் கண்ணாடிக் கதவை உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டார்களே, நினைவிருக்கிறதா? எனக்கு அவமானத்தில் முகம் சிவந்தது. நீயோ கதவுக்கு வெளியே நின்று, உள்ளே இருந்த பெண்ணுக்குச் சைகையில் சிலுவையையும் பச்சை நிறத்தையும் விளக்கிக்கொண்டிருந்தாய். கடைசியில் அந்தப் பலகை பச்சையாக மாறியது. உன் தொல்லை தாங்காமல்தான் மாறியது என்று நான் சொன்னேன். "எதுக்காக இருந்தா என்ன, மாறிச்சுல்ல?" என்றாய்.

குவீன்ஸ்டவுனில் ஒரே அடுக்குமாடி புளோக்கில், ஒரே தளத்தில் வளர்ந்தவர்கள் நாம். உங்கள் வீட்டு நோன்புக் கஞ்சியும் எங்கள் வீட்டுப் பொங்கலும் நடைவழியில் எதிரும் புதிருமாகப் போய் வந்தன. நீ தாதியானாய். நான் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரானேன். அவரவர் வேலை, அவரவர் குடும்பம் என்று ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நீ ஓய்வு பெறப் போகும் வருடத்தில் தாதியருக்கென்று நடந்த ஒரு அரைநாள் வகுப்புக்குப் போனாய் பார், அன்றோடு என் நிம்மதி போயிற்று.

அன்று மாலை நேராக என் வீட்டுக்கு வந்தாய். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"ஏய் கமலா, போர்ல அடிபட்டவன் எந்தப் பக்கத்து ஆளா இருந்தாலும் வைத்தியம் பாக்கணும், வைத்தியம் பாக்குறவங்கள யாரும் தொடக்கூடாது, இதெல்லாம் சட்டமாவே இருக்கு. உனக்குத் தெரியுமா?"

"ஜெனிவா ஒப்பந்தம்னு கேள்விப்பட்டிருக்கேன்."

"கேள்விப்பட்டிருக்கியா? இத்தன வருஷமா நான் நர்ஸ். எனக்கு ஒருத்தரும் சொல்லல. நம்ம நாடெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கு. மக்களுக்குச் சொல்லிக் குடுக்கணும்னு அதுலயே இருக்காம். எங்க சொல்லிக் குடுத்தாங்க? யாருக்குச் சொல்லிக் குடுத்தாங்க?"

என்னவோ நான்தான் ஒளித்துவைத்த மாதிரி என்னைப் பார்த்துக் கத்தினாய். பிறகு உன் பையிலிருந்து ஆங்கிலத் தாள்களை எடுத்து என் மேசையில் போட்டு, "தமிழ்ல போடு," என்றாய். கேட்கவில்லை, சொன்னாய்.

அந்த மொழிபெயர்ப்பில் நாம் போட்ட சண்டையை இன்று நினைத்தாலும் எனக்கு மூச்சு வாங்குகிறது. நான் 'சர்வதேச மனிதாபிமானச் சட்டம்' என்று எழுதினேன். அதுதான் சரியான சொல். நீ அதைப் படித்துவிட்டு, "இதக் கேட்டா அரிசி மூட்ட குடுக்க வந்திருக்கோம்னு நினைப்பாங்க," என்றாய். தாக்குதலில் பொதுமக்களுக்கு வரும் சேதம் அளவு மீறக்கூடாது என்பதற்கு 'விகிதாசாரக் கோட்பாடு' என்று எழுதினேன். "இது என்ன, மசாலா அரைக்கிற அளவா?" என்றாய். பொதுமக்களையும் படையினரையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற விதிக்கு நான் ஒரு முழு மாலை உட்கார்ந்து ஒரு சொல் கண்டுபிடித்தேன். நீ அதை அடித்துவிட்டு, 'சண்டை போடுறவங்க வேற, போடாதவங்க வேற' என்று எழுதினாய். நீதிமன்றத்தில் ஒரு சொல் பிசகினால் ஒருவனுடைய வாழ்க்கையே போய்விடும் என்று பழகியவள் நான். சொல்லைச் சிதைக்காதே என்று கெஞ்சினேன். "சொல்லு பத்திரமா இருந்து என்ன பண்ண, யாருக்கும் புரியலையே!" என்றாய். மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. நாலாவது நாள் நீயே மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தாய். வந்து உட்கார்ந்ததும் அடுத்த பக்கத்தை எடுத்தாய்.

அரிசி மூட்டை விஷயத்தில் நீ சொன்னதே நடந்தது. முதல் கூட்டத்தில், ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில், பெரியவர் ஒருவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பொருளெல்லாம் எப்ப குடுப்பீங்க?" என்றார். ஒரு சமூக மன்றத்தில் நமக்குக் கிடைத்த அறைக்குப் பக்கத்து அறையில் ஸூம்பா நடன வகுப்பு. போர்க்கைதியை எப்படி நடத்த வேண்டும் என்று நீ சொல்லிக்கொண்டிருக்க, சுவருக்கு அப்பால் இசை அதிர்ந்தது. நீ குரலை உயர்த்தினாய். அவர்கள் இசையை உயர்த்தினார்கள். கேட்க வந்திருந்த சில பெண்களில் இருவர் மெல்ல எழுந்து ஸூம்பாவுக்கே போய்விட்டார்கள்.

அதையெல்லாம்கூடச் சிரித்து விட்டுவிடலாம். என்னைக் குடைந்தது வேறொன்று. செய்தியில் ஏதாவது ஒரு போர் தொடங்கினால் போதும், ஊரில் எல்லாரும் கட்சி கட்டிக்கொள்வார்கள். நம் குவீன்ஸ்டவுன் பழைய தோழிகளின் வாட்சப் குழுவில் நீ ஒரு செய்தி போட்டாய்: எந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியையும் அடிக்கக்கூடாது, எந்தப் பக்கத்துப் பிணைக்கைதியையும் பிடித்துவைக்கக்கூடாது என்று. ஒருத்தி கேட்டாள், நீ யார் பக்கம் என்று. இன்னொருத்தி, உன் மதத்தைச் சொல்லி, இவள் வேறு எப்படிப் பேசுவாள் என்று எழுதினாள். மூன்றாமவள் உன் மதத்தைச் சேர்ந்தவள்தான். நீ உன் ஆட்களுக்கே துரோகம் செய்கிறாய் என்றாள். ஒரே செய்தி, ஒரே மத்தியானம். நான் குழுவை விட்டு வெளியேறினேன். நீ வெளியேறவில்லை. "நான் அடிபட்டவங்க பக்கம்லா," என்று எழுதிவிட்டு, மறுநாள் ஒருத்தியின் பிறந்தநாளுக்குக் கேக் படம் போட்டாய். எனக்கு அவர்கள் மேல் வந்த கோபத்தைவிட உன் மேல் வந்த கோபம் அதிகம்.

ஃபேரர் பார்க் பக்கத்தில் ஒரு சங்கத்தின் மாடி அறையில் நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை மட்டும் நான் மறக்கமாட்டேன். கூட்டம் என்று சொல்வதே அதிகம். ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் அளவுக்குத்தான் ஆள். முன்வரிசையில் இருந்த ஒரு மனிதர், இரும்புப் பொருள் வியாபாரம் செய்பவராம், நீ பாதி பேசும்போதே எழுந்துவிட்டார்.

"போருக்கும் சட்டமாம்மா? தினமும் டிவியில பாக்கறோம். ஆஸ்பத்திரி மேல குண்டு போடுறான். கொழந்தைங்க சாவுது. எந்தச் சட்டம் வந்து தடுத்துச்சு? சும்மா எங்க டைம வேஸ்ட் பண்ணாதீங்க."

அவர் கேட்டதில் எனக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை. நானும் அதையேதான் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு நீ என்ன சொல்லிவிட முடியும் என்று உன்னையே பார்த்தேன்.

"ஐயா, நான் ஆபரேஷன் தியேட்டர்ல வேலை பாத்தவ," என்றாய். "கைய ஒழுங்கா கழுவாம உள்ள வர்ற டாக்டர நான் பாத்திருக்கேன். அப்படி வந்தவங்கள கழுவிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பியிருக்கேன். என்னால ஏன் அனுப்ப முடிஞ்சுது? கழுவணும்னு விதி இருக்கு, அது எனக்கும் தெரியும். தெரியாம இருந்தா நான் வாயத் திறந்திருப்பேனா? நீங்க டிவியப் பாத்து கோவப்படுறீங்க இல்ல, அது சரியான கோவம். அது தப்புன்னு உங்களுக்குத் தெரியுது. அந்தத் தப்புக்கு ஒரு பேரு இருக்கு, குத்தம்னு எழுதி வெச்சிருக்கு. அதச் சொல்லத்தான் நான் வந்தேன்."

அவர் சமாதானமாகவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே கீழே இறங்கிப் போனார். அவரோடு இன்னும் இருவரும் போனார்கள். படம் காட்டக் கொண்டுவந்திருந்த திரையை நான் சுருட்டத் தொடங்கினேன். எனக்குள் ஒரே கொதிப்பு. இந்த வெயிலில், ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் இடிபட்டு வந்து, இவ்வளவுதானா என்று.

அப்போதுதான் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் உன்னிடம் வந்தாள். நாற்பது வயதுக்கு மேலிருக்கும். தன் பெயர் சிவமலர் என்றாள். கல்யாணமாகி யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவள். ஒரு பாலர் பள்ளியில் வேலை.

"அக்கா, ஒண்டு கேக்கலாமோ? காணாமப் போன ஆக்களப் பற்றித் தெரிஞ்சுகொள்ளக் குடும்பத்துக்கு உரிமை இருக்கெண்டு சொன்னனீங்கள். அது உண்மையோ?"

"உண்மைதான்ம்மா. யாரத் தேடுறீங்க?"

"எங்கட அண்ணாவ. சைக்கிள் கடை வச்சிருந்தவர். இயக்கத்திலயும் இல்ல, ஒண்டிலயும் இல்ல. கடைசிச் சண்டை நேரம் காயப்பட்டு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனவை. பிறகு ஒரு தகவலும் இல்லை. கிளறாத, கிளறாத எண்டுதான் எல்லாரும் சொன்னவை. கேக்கலாம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

அவள் அழவில்லை. கைப்பையின் வாரை மட்டும் முறுக்கிக்கொண்டே இருந்தாள். நீ அவளை உட்காரவைத்தாய். அவளைத் தொடவோ ஆறுதல் சொல்லவோ இல்லை.

"கேக்கலாம். கேக்குறது உங்க உரிமை. எங்க கேக்கணும்னு நான் காட்டுறேன். ஆனா பதில் வரும்னு சொல்லமாட்டேன். வந்தாலும் நல்ல பதிலா இருக்கும்னு சொல்லமாட்டேன். அம்மா இருக்காங்களா?"

"இருக்கிறா. ஊரில, தங்கச்சியோட. அண்ணாவுக்கு இன்னும் ஒரு காரியமும் செய்ய விடமாட்டா."

"சரி. அப்ப அம்மாகிட்ட முதல்ல கேளுங்க, தேடலாமான்னு. அவங்க சரின்னா வாங்க."

கீழே இறங்கியதும் நான் உன்னைக் கடிந்துகொண்டேன். இவ்வளவு துணிந்து வந்து கேட்டவளை இப்படி வெட்டென்று பேசி அனுப்பலாமா என்று. நீ தே தாரிக் டீக்கடையில் இரண்டு கிளாஸ் சொல்லிவிட்டு, "பொய்யா ஆசை காட்டினா அத யாரு கூட இருந்து தாங்குறது? நீயா?" என்றாய். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் சிவமலர் அடுத்த வாரமே வந்தாள். அம்மா சரி என்று சொல்லிவிட்டாராம்.

போரில் பிரிந்தவர்களைத் தேடித் தருவதற்கென்றே உலக அளவில் இயங்கும் ஒரு அமைப்பு இருக்கிறது. அதற்கு எழுத வேண்டியதை நாம் மூவரும் என் சுவா சூ காங் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினோம். சிவமலர் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் போட்டேன். அண்ணனுக்கு இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. பேசும்போது கொஞ்சம் திக்கும். அதை எழுதலாமா என்று தயங்கினாள். "எழுதுங்க," என்றாய். "மறக்க முடியாத விஷயமெல்லாம் எழுதுங்க."

பிறகு காத்திருந்தோம். காத்திருந்தபோதுதான் உனக்கு நோய் வந்தது. முதுகுவலி, முதுகுவலி என்று நீ அலட்சியப்படுத்தியது கணையத்தில் வந்த புற்றுநோயாக இருந்தது. தாதியாக இத்தனை வருஷம் இருந்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லையா என்று நான் உன்னைத் திட்டினேன். மருந்து ஏறிக்கொண்டிருக்கும் கையோடு, "சிவமலர் விஷயமா மெயில் போட்டியா?" என்று கேட்டாய். போட்டேன் என்றேன். "பதில் வரலைனா மறுபடி போடு." உன்னைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் போர்க்கைதியைப் பற்றியும் ஆம்புலன்ஸைப் பற்றியும் பேசினாய். உன் மகன் என்னைத் தனியாக அழைத்து, "ஆன்ட்டி, கொஞ்ச நாளைக்காவது இத நிறுத்தச் சொல்லுங்களேன்," என்றான். சொன்னேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய், தூங்குவதைப் போல. எனக்குத் தெரியாதா உன்னை?

பதில் வந்தபோது நீ அந்திமகாலப் பராமரிப்பு இல்லத்தில் இருந்தாய். சிவமலரே நேரில் வந்து உன் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னாள். அண்ணன் இறந்துவிட்டார். அந்த ஆஸ்பத்திரியில் உதவிக்கு நின்ற ஒரு பெண் இப்போது கனடாவில் இருக்கிறாள். அவளைக் கண்டுபிடித்துக் கேட்டிருக்கிறார்கள். திக்கித் திக்கிப் பேசிய, புருவத்தில் தழும்புள்ள ஒருவரை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அவர் தன் ஊர்ப் பெயரையும் அம்மாவின் பெயரையும் அவளிடம் திரும்பத் திரும்பச் சொல்லி, அவளையும் திருப்பிச் சொல்லவைத்தாராம், மறந்துவிடக்கூடாது என்று. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு வேம்படியில் புதைத்தபோது அவளும் நின்றிருக்கிறாள். அந்த இரண்டு பெயர்களையும் இத்தனை வருஷமாக மறக்காமல் வைத்திருந்தாளாம். ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளை யாரும் கேட்கவுமில்லை.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கே ஒருத்தி, இங்கே ஒருத்தி. இருவருக்கும் நடுவில் இத்தனை வருஷ மௌனம். ஒரு கேள்வி போயிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்கலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். அந்த நேரத்தில் எனக்கு உலகத்தின் மேலேயே ஆத்திரமாக இருந்தது.

நீயோ, குரல் அரைவாசி போயிருந்த நீ, ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், "அம்மாகிட்ட யார் சொன்னா? ஃபோன்லயா?" என்று கேட்டாய்.

"இல்லையக்கா. அவையின்ர ஆள் வீட்டுக்கு நேர வந்து சொன்னவர். தங்கச்சி பக்கத்தில இருந்தவ."

"அம்மா என்ன பண்ணாங்க?"

"அழுதவ. நல்லா அழுதவ. பிறகு சாப்பிட்டவ. முப்பத்தொண்டாம் நாள் காரியமும் செய்யப் போறம் எண்டு சொன்னவ."

நீ தலையை ஆட்டினாய். தியேட்டரில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து முடித்த தாதியைப் போல ஒரு சின்ன ஆட்டல். பிறகு என்னைப் பார்த்து, "அந்தக் கனடாப் பொண்ணுக்கு நன்றி எழுதணும், நீ எழுது," என்றாய். அதற்கும் நான்தான்.

இப்போது நீ என் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாய். வாழ்ந்த காலமெல்லாம் சுவா சூ காங் தூரம், எல்ஆர்டி ரயில் மாறி வரவேண்டும் என்று அலுத்துக்கொண்டவள், கடைசியில் சுவா சூ காங் இடுகாட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டாய். மழை இல்லாத நாளில் வந்து பார்க்கிறேன். திட்டுவதற்கு நிறைய இருக்கிறது. நான் வெளியேறிய குழுவில் இன்னும் யார் பக்கம் என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். செய்தியில் இன்னும் ஆஸ்பத்திரிகள் எரிகின்றன. இரும்பு வியாபாரி சொன்னது இன்றைக்கும் பொய்யாகவில்லை. நான் இதையெல்லாம் விட்டுவிடலாம் என்று பலமுறை முடிவு செய்தேன்.

போன மாதம் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் பேசக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்து இதோடு நிறுத்திவிடுவது என்றுதான் போனேன். ஒரு அம்மா எழுந்து, "என் பையன் தேசிய சேவையில, ராணுவத்துல இருக்கான். நீங்க சொல்றது அவனுக்கும் உண்டா?" என்று கேட்டார். "அவனுக்குத்தாங்க முதல்ல," என்றேன். அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. என் எண்ணை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் ஒரு குரல் செய்தி வந்தது.

"அக்கா, அவன் கேம்புக்குத் திரும்புற நேரம் கேட்டேன். கைய தூக்கிட்டு சரண்டர் ஆகுறவனச் சுடுன்னு உன்கிட்ட சொன்னா என்னடா பண்ணுவேன்னு. சட்டுனு நிமிந்து பாத்தான். 'மா, கூடாது. யார் சொன்னாலும் கூடாது. எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. ஆனா நீ இதக் கேப்பேன்னு நெனைக்கவே இல்ல'ன்னான். பூட்ஸ் கட்டிக்கிட்டே எவ்ளோ நேரம் பேசினான் தெரியுமாக்கா? அவன் போனதுலேர்ந்து சாப்டியா, தூங்கினியா, இது ரெண்டத் தவிர நான் வேற ஒண்ணும் கேட்டதில்ல."

சமையலறையில் நின்றபடியே அந்தக் குரலை இன்னொரு முறை கேட்டேன். நீ பொறுமைசாலி என்று உன் இரங்கல் கூட்டத்தில் எல்லாரும் சொன்னார்கள். அவர்களுக்கு உன்னைத் தெரியவில்லை. உனக்குப் பொறுமையே கிடையாது. தெரிந்திருக்க வேண்டிய ஒன்று தெரியாமல் ஒருவர் எதிரில் இருந்தால் உனக்கு உடம்பே பொறுக்காது, அவ்வளவுதான். அது இப்போது எனக்குத் தொற்றிவிட்டது. நான் கேட்கவில்லை, நீயாகத்தான் கொடுத்துவிட்டுப் போனாய்.

அடுத்த ஞாயிறு குவீன்ஸ்டவுனில் ஒரு கூட்டம் ஒத்துக்கொண்டிருக்கிறேன். சிவமலரும் வருகிறாள். அவளே கேட்டாள், தான் முதலில் பேசட்டுமா என்று. பேசு என்று சொல்லிவிட்டேன்.